மராத்திக்கு அரசு செய்ததும் அரசால் செய்ய முடியாததும்

மராத்தி மொழியைக் காக்கவும் வளர்க்கவும் அரசு இதுவரை என்னென்ன செய்திருக்கிறது, அவற்றால் அந்த மொழிக்கு உண்மையான பலன் கிடைத்ததா என்பது கேள்வி. 2024 அக்டோபரில் மராத்திக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. அடுத்த ஆண்டே, முதல் வகுப்பிலிருந்து இந்தி என்ற ஆணையை மகாராஷ்டிர அரசு பிறப்பித்துப் பின்பு திரும்பப் பெற்றது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பே. என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கோப்பு, நிலப்பதிவேடு, கடைப் பலகை என்று ஆணையிட்டால் நடக்கும் இடங்களில் மராத்தி வேரூன்றிவிட்டது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் முடிவெடுக்கும் இடத்தில் எந்தச் சட்டமும் அதற்குப் பெரிதாக உதவவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அகராதி, கலைக்களஞ்சியம், எழுத்து வடிவம், வட்டார வழக்குப் பதிவு என்று ஆரவாரமின்றி நடந்த வேலைகள்தாம் அரசு செய்தவற்றுள் நெடுநாள் நிற்கும் என்பது என் மதிப்பீடு.

மராத்தி அழிவை நெருங்கும் மொழி அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 8.30 கோடிப் பேர். இந்தி, வங்காளத்துக்கு அடுத்து மூன்றாம் இடம். அதே கணக்கில் தமிழுக்கு 6.90 கோடி. ஆகவே மகாராஷ்டிரத்தில் மொழிக்காப்பு என்று பேசுவோர், மொழி மாய்ந்துவிடும் என்று அஞ்சுவதில்லை. உயர்கல்வி, வணிகம், நீதிமன்றம், கணினி என்று புழங்கும் துறைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போய், வீட்டுக்குள் மட்டும் பேசும் மொழியாகச் சுருங்கிவிடுமோ என்பதே அவர்கள் கவலை. அந்தக் கவலையின் ஊற்று மும்பை. 1956இல் மொழிவழியாக மாநிலங்களைச் சீரமைத்தபோது மராத்தியரும் குஜராத்தியரும் ஒரே பம்பாய் மாநிலத்தில் வைக்கப்பட்டார்கள். மும்பையோடு கூடிய ஒன்றுபட்ட மராத்தி மாநிலம் கேட்டு எழுந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே, 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. அவர்கள் நினைவாக எழுந்த ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம், இன்றும் மும்பைக் கோட்டைப் பகுதியின் நடுவில் இருக்கிறது. அப்படிப் போராடிப் பெற்ற தலைநகரில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த சட்டங்களின் தொனி விளங்கும்.

ஆட்சியே சொல்லாக்கத்தில் இறங்குவது மராத்திக்குப் புதிதன்று. சிவாஜி 1674இல் ராய்கட்டில் முடிசூடியபோது, அதுவரை பாரசீகப் பெயர்களால் வழங்கிய அமைச்சர் பதவிகளுக்குச் சமஸ்கிருதப் பெயர்களைச் சூட்டினார்: மஜும்தார் அமாத்தியர் ஆனார், சர்னோபத் சேனாபதி ஆனார், டபீர் சுமந்தர் ஆனார். அலுவல் சொற்களுக்கென்று ‘ராஜ்யவ்யவஹார கோசம்’ என்ற அகராதியும் அவர் ஆணையில் தொகுக்கப்பட்டது. அது யார் பெயரால் வழங்குகிறதோ அந்த ரகுநாத நாராயண ஹன்மந்தே, தஞ்சையில் சிவாஜியின் தம்பி ஏகோஜியிடம் அமைச்சராக இருந்து, அவரோடு மனம் வேறுபட்டு அண்ணனிடம் போய்ச் சேர்ந்தவர் என்பது தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். அந்தப் பெயர் மாற்றத்தில் முதன்மையானது பேஷ்வா என்ற தலைமை அமைச்சர் பதவியை முக்கியப் பிரதானர் என்று மாற்றியது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும்: பேஷ்வா என்ற பாரசீகச் சொல்தான் நின்றது, ஒரு காலகட்டத்துக்கே பெயராகவும் ஆனது.

ஆங்கிலேயர் காலத்திலும் அரசுப் பணம் ஒரு நல்ல காரியத்துக்குச் செலவானது. பம்பாய் அரசின் ஆதரவில் மோல்ஸ்வொர்த் தொகுத்த மராத்தி–ஆங்கில அகராதி 1831இல் வெளிவந்து, 1857இல் விரிந்த இரண்டாம் பதிப்பைக் கண்டது. மராத்தி அறிஞர்கள் ஏதேனும் பழஞ்சொல்லில் ஐயம் வந்தால் இன்றும் முதலில் புரட்டுவது அதைத்தான்.

மகாராஷ்டிரம் அமைந்து இரண்டு மாதம் முடிந்த சில நாளில், 1960 ஜூலை 6 அன்று, பாஷா சஞ்சாலனாலய் என்ற மொழி இயக்ககம் தொடங்கப்பட்டது. அரசுப் பதவிகளுக்கு மராத்திப் பெயர் தரும் ‘பதநாம கோசம்’, அலுவலகச் சொற்களுக்கான ‘சாசன வ்யவஹார கோசம்’, துறைதோறும் கலைச்சொல் அகராதிகள் என்று அது அடுக்கடுக்காக வெளியிட்டது. அரசு ஊழியருக்கான மராத்தித் தேர்வையும் அந்த இயக்ககமே நடத்துகிறது. 1964இல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறி, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் மராத்தியே மாநிலத்தின் ஆட்சிமொழி என்றானது. பதநாம கோசம் வெளிவந்ததும் அதிலிருந்த கடுமையான சமஸ்கிருதத் தொடர்களைப் பார்த்துப் பலர் அதை ‘பத்நாம கோசம்’ என்று எள்ளி நகையாடினார்கள். பத்நாம் என்றால் கெட்ட பெயர். நகையாட்டில் நியாயம் இருந்தது. ஜில்லாதிகாரி என்று கோப்பில் எழுதிவிட்டு வாயால் கலெக்டர் என்று சொல்லும் வழக்கம் இன்றுவரை மாறவில்லை. எனினும் அந்த அகராதிகள் வீண் என்று தள்ளிவிட முடியாது. மாநகராட்சி மேயரை மகாபௌர் என்று செய்தித்தாள்கள் தயக்கமின்றி எழுதுகின்றன. சாவர்க்கர் தம் மொழித்தூய்மை இயக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்களுள் ஒன்றான அது, அரசு எடுத்தாண்டதால்தான் எல்லோர் நாவிலும் ஏறியது.

ஆட்சிமொழிச் சட்டத்தின் பயனைக் கண்கூடாகக் காண வேண்டுமானால் ஒரு கிராமத்து விவசாயியின் கையிலிருக்கும் ‘சாத்பாரா’வைப் பார்க்க வேண்டும். சாத் என்றால் ஏழு, பாரா என்றால் பன்னிரண்டு. கிராமக் கணக்கின் ஏழாம் படிவமும் பன்னிரண்டாம் படிவமும் சேர்ந்த நிலச்சான்று அது. நம் ஊரில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்றாகப் பேசுவதை அங்கே ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நிலம் யார் பெயரில், எவ்வளவு, என்ன பயிர், யாருக்கு என்ன கடன் பாக்கி என்பதெல்லாம் மராத்தியில் இருக்கும். தலாட்டி என்னும் கிராம அலுவலர் பெயர்மாற்றம் செய்தால் அதற்கு ‘ஃபேர்ஃபார்’ என்று பெயர். அதுவும் மராத்தியில்தான் பதிவாகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் இடைத்தரகர் தயவின்றித் தம் நிலத்தின் நிலையைத் தாமே படித்தறிய முடிகிறது. ஃபேர்ஃபார் பாரசீகத்திலிருந்து வந்ததா, சமஸ்கிருதத்திலிருந்து வந்ததா என்று அவர் கேட்பதில்லை. அகராதித் தூய்மையைப் பற்றிய விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாத்பாராதான் நினைவுக்கு வரும்.

நீதிமன்றத்தில் கதை பாதியில் நின்றுவிட்டது. மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் மராத்தி வழக்கு மொழி என்று 1998இல் அரசு அறிவித்தது. ஆனால் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு அப்படி. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்று அதே பிரிவு சொன்னாலும், அந்த வாய்ப்பு சில இந்தி மாநிலங்களுக்கு அப்பால் வரவில்லை. தமிழ்நாடு முட்டி நிற்கும் சுவரும் இதுவே.

இனி, நான் மிக உயர்வாக மதிக்கும் முயற்சிக்கு வருகிறேன். சாதாரா மாவட்டத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் வாய் என்ற சிற்றூர் இருக்கிறது. கோயில்களும் படித்துறைகளும் நிறைந்த ஊர். தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷி அங்கே வாழ்ந்த பேரறிஞர். 1960 இறுதியில் இலக்கிய, பண்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்து, அவரையே அரசு தலைவராக்கியது. மராத்தியில் ‘விஸ்வகோசம்’ என்னும் பொதுக் கலைக்களஞ்சியம் உருவாக வேண்டும் என்ற திட்டம் அந்த வாரியத்தில் முளைத்தது. 1980இல் அதற்கென்றே தனி வாரியம் ஏற்பட்டது. தலைமையகம் மும்பையிலோ புணேயிலோ அல்ல, வாய் ஊரிலேயே அமைந்தது. முதல் தொகுதி 1976இல் வந்தது. இருபது தொகுதிகளும் நிறைவு பெற்றது 2015இல். ஏறத்தாழ நாற்பது ஆண்டு! தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பெரியசாமித் தூரனின் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் முடித்தது. மராத்தியிலேயே, அரசின் உதவியின்றி ஸ்ரீதர் வேங்கடேச கேத்கர் 1920களில் 23 தொகுதி ஞானகோசத்தை ஏழெட்டு ஆண்டில் கொண்டுவந்திருந்தார். அந்த ஒப்பீட்டில் அரசு வாரியத்தின் வேகம் வெட்கப்பட வேண்டியதுதான். கடைசித் தொகுதி வரும்போது முதல் தொகுதியின் அறிவியல் கட்டுரைகள் கிழடுதட்டிப் போயிருந்தன.

ஆயினும் அந்த வாரியம் இரண்டு நல்ல முடிவுகளை எடுத்தது. கலைக்களஞ்சியத்தை 2011 முதல் இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைத்தது ஒன்று. பழைய கட்டுரைகளைப் புதுப்பிக்கத் துறைவாரியாக ‘ஞானமண்டல்’ என்னும் அறிஞர் குழுக்களைப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அமைத்தது மற்றொன்று. மராத்தி வழியில் படிக்கும் ஒரு மாவட்டக் கல்லூரி மாணவி ஒளிச்சேர்க்கையைப் பற்றியோ ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றியோ தேடும்போது, பிழை மலிந்த இயந்திர மொழிபெயர்ப்புக்குப் பதிலாகத் துறை அறிந்தவர் எழுதிய மராத்திக் கட்டுரை ஒன்று கிடைக்கிறதென்றால், மொழி வளர்ச்சி என்பதற்கு அதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை.

1992இல் தொடங்கப்பட்ட ராஜ்ய மராத்தி விகாஸ் சன்ஸ்தாவும் (மாநில மராத்தி வளர்ச்சி நிறுவனம்) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் நிதியில் புணே டெக்கான் கல்லூரி மராத்தி வட்டார வழக்குகளை மாவட்டம் மாவட்டமாகச் சென்று ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. புணே நகரத்துப் பேச்சே தூய மராத்தி என்ற எண்ணத்தால் நெடுங்காலம் ஏளனத்துக்கு ஆளான வர்ஹாடி, அஹிராணி, மால்வணி போன்ற வழக்குகளுக்கு அரசுப் பணத்தில் இடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. மகாபலேஸ்வருக்கு அருகில் ஸ்ட்ராபெரி விளையும் பிலார் கிராமத்தை ‘புஸ்தகாஞ்சே காவ்’, அதாவது புத்தகங்களின் ஊர் என்று 2017 மே மாதம் மாற்றியதும் இதே நிறுவனத்தின் பணி. வீடு, கோயில், பள்ளி என்று இருபத்தைந்து இடங்களில் மராத்திப் புத்தகங்களை அடுக்கி வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வசதி செய்திருக்கிறார்கள். சுற்றுலா நாட்டம் சற்று மிகுதி என்று குறை சொல்வோர் உண்டு. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர் ஒரு கதைத் தொகுப்பைப் புரட்டிவிட்டுப் போனால் அதில் என்ன நட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து வடிவத்தைப் பற்றிய ஆணை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படவே படாது. மராத்தியும் இந்தியும் ஒரே தேவநாகரியில் எழுதப்படுகின்றன என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மராத்தியர் எழுதும் லகரத்துக்கு, இந்தியில் உள்ள வலப்புறச் செங்குத்துக் கோடு கிடையாது. இரு பக்கமும் வளைந்து சுழியும் வடிவம் அது. சகரங்களுள் ஒன்றின் வடிவமும் வேறு. கணினி வந்தபோது எழுத்துருக்களை இந்தி வடிவத்தில் செய்தார்கள்; அதனால் மராத்திக் குழந்தை பாடநூலில் ஒரு லகரத்தையும் திரையில் வேறொரு லகரத்தையும் படிக்க நேர்ந்தது. 2009இல் அரசு, மராத்தி நெடுங்கணக்கையும் எழுத்து வடிவங்களையும் வரையறுத்து ஓர் ஆணை பிறப்பித்தது. நம் ளகரத்துக்கு ஒப்பான எழுத்து மராத்தியிலும் உண்டு. இன்றைய இந்தியில் இல்லை. டிளக் என்றும் காளே என்றும் மராத்தியர் சொல்லும் பெயர்களை இந்தியில் திலக் என்றும் காலே என்றும் எழுதினால் அவர்களுக்கு முகம் சுளிக்கும். வாழைப்பழத்தை வாலப்பலம் என்று கேட்ட தமிழருக்கு அந்தச் சுளிப்பை விளக்க வேண்டியதில்லை.

பாடநூலிலும் அரசு ஒருமுறை கைவைத்தது. மராத்தியில் இருபத்தொன்றுக்கு ‘ஏக்வீஸ்’, அதாவது ஒன்று–இருபது. அறுபத்து மூன்றுக்கு ‘த்ரேசஷ்ட்’. நூறுவரை எண்களைச் சொல்ல ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். 2019இல் பாலபாரதி என்னும் மாநிலப் பாடநூல் நிறுவனத்தின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், ‘வீஸ் ஏக்’, ‘சாட் தீன்’ என்று, பத்தை முதலில் சொல்லி ஒன்றைப் பின்னால் சொல்லும் முறையைப் புகுத்தினார்கள். பாடநூல் குழுவின் தலைவராக இருந்த கணித அறிஞர் மங்களா நார்ளிகர், குழந்தைகள் கணக்கைக் கண்டு மிரள்வதற்கு எண்ணுப் பெயர்களும் ஒரு காரணம் என்று வாதிட்டார். தென்னிந்திய மொழிகளில் இந்த முறையே இயல்பாக இருக்கிறது என்பதும் சான்றாகக் காட்டப்பட்டது; இருபத்தொன்று, அறுபத்து மூன்று என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் மகாராஷ்டிரத்தில் பெரும் கூச்சல் கிளம்பியது. சட்டமன்றத்தில் கேலி செய்தார்கள். பழைய முறையும் தொடரும், புதியது கற்பிக்க உதவும் துணை மட்டுமே என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மொழியைப் பாதுகாப்பது என்றால் அது இருக்கும்படியே வைத்திருப்பதா, கற்கும் குழந்தைக்கு எளிதாக்குவதா என்ற கேள்வி அந்தச் சிறு சச்சரவில் அடங்கியிருந்தது. என் அனுதாபம் நார்ளிகர் பக்கம்.

பள்ளிகளுக்கு வந்தால் நிலைமை கவலைக்குரியது. 2020இல் நிறைவேறிய சட்டப்படி, எந்தக் கல்வி வாரியத்தைச் சேர்ந்த பள்ளியானாலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி ஆண்டுதோறும் மேல் வகுப்புகளுக்கு நீட்டிக்க வேண்டும். மீறினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். சட்டம் வந்த கையோடு கொரோனா வந்தது. பிற வாரியப் பள்ளிகளின் முறையீட்டை ஏற்று, சில மாணவர் அணிகளுக்கு மராத்தியை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் தரக்குறியீடு மட்டும் போட்டால் போதும் என்று அரசே தளர்த்தியது. மதிப்பெண்ணில் சேராத பாடத்தை எந்தப் பிள்ளை முனைந்து படிக்கும்?

ஆனால் பாடமாக மராத்தி இருப்பதும், மராத்தி வழியில் படிப்பதும் வேறு வேறு. மும்பையில் மாநகராட்சியின் மராத்தி வழிப் பள்ளிகள் மாணவரின்றிக் குறைந்துகொண்டே வருகின்றன. மொழிக்காகக் குரல் கொடுப்போரின் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கில வழியில்தான் படிக்கிறார்கள் என்று மராத்தி ஆர்வலர்களே வருந்துகிறார்கள். இதற்கு அரசு கண்ட நடுவழி ‘செமி இங்கிலீஷ்’. மராத்திப் பள்ளியாகவே இருக்கும். கணக்கும் அறிவியலும் மட்டும் ஆங்கிலத்தில். பெற்றோர் ஓடிவிடாமல் தடுக்க இது உதவியது என்பது உண்மை. ஆனால் விஸ்வகோசத்துக்காகவும் கலைச்சொல் அகராதிகளுக்காகவும் அரை நூற்றாண்டு உழைத்து உருவாக்கிய அறிவியல் மராத்தியைப் பள்ளிக்கூடத்திலேயே படிக்க ஆளில்லாமல் செய்ததும் இந்த ஏற்பாடுதான். ஒரு கை கட்டியதை மறு கை அவிழ்க்கிறது.

இந்தச் சூழலில்தான் 2025 ஏப்ரலில், மராத்தி வழி, ஆங்கில வழிப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை இந்தி மூன்றாம் மொழியாகக் கட்டாயம் என்ற ஆணை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஜூன் 17 அன்று ‘கட்டாயம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பொதுவாக’ என்று மாற்றினார்கள்; வேறு மொழி வேண்டுமென்றால் வகுப்புக்கு இருபது மாணவராவது கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் மாற்றம் பெயரளவுக்கே என்று எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் சொன்னார்கள். ஜூன் 29 அன்று இரண்டு ஆணைகளும் திரும்பப் பெறப்பட்டு, பொருளியல் அறிஞர் நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைந்தது. ஜூலை 5 அன்று மும்பை வொர்லியில், பிரிந்து தனித்தனிக் கட்சி நடத்திவந்த உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் சுமார் இருபது ஆண்டுக்குப் பின் ஒரே மேடையில் ஏறினார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் அதை வரவேற்று எழுதினார். ஆனால் மகாராஷ்டிரத்தின் எதிர்ப்பைத் தமிழ்நாட்டின் இருமொழிக் கொள்கையோடு ஒன்றாக்கிப் பார்ப்பது பிழை. அங்கே ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி நெடுங்காலமாக இருக்கிறது. எழுத்து ஒன்று, திரைப்படத் தொழிலும் அவர்கள் ஊரில்தான். ஆறு வயதுக் குழந்தைமேல் மூன்றாவது மொழியை ஏற்றக்கூடாது, அதிலும் மராத்தி இன்னும் ஊன்றாத வயதில் இந்தி வேண்டாம் என்பதே அவர்கள் வாதம்.

கடைப் பலகைச் சட்டம் இதைவிட எளிதாக வென்றது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, எல்லாக் கடைகளும் தேவநாகரி மராத்தியில் பெயர் எழுத வேண்டும், அந்த எழுத்து பிற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது என்று 2022இல் திருத்தம் வந்தது. மதுக்கடைகளுக்கு மாமனிதர் பெயரையோ கோட்டைகளின் பெயரையோ வைக்கக்கூடாது என்ற விதியும் அதில் உண்டு. சிவாஜியின் கோட்டைகள் பெயரில் மதுக்கூடம் நடத்தியவர்கள் பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. வணிகர் சங்கத்தின் வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 25,000 ரூபாய் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் இரண்டு மாதத் தவணை தந்தது. இன்று மும்பைக் கடைத்தெருவில் நடந்தால் தேவநாகரி பளிச்சென்று தெரிகிறது. நின்று படித்தால் ‘மொபைல் ஷாப்பி’, ‘ஃபேஷன் கலெக்ஷன்’ என்றிருக்கும். எழுத்து மராத்தி, சொல் ஆங்கிலம். சட்டம் கேட்டது அவ்வளவுதானே.

எல்லாக் கட்டாயமும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆட்டோ உரிமம் பெற மராத்தி அறிந்திருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையை 2017இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மல்டிபிளெக்ஸ் அரங்குகள் மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை மராத்திப் படம் காட்ட வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு அறிவிப்பு, நண்பகல் முதல் இரவு ஒன்பதுக்குள் ஏதேனும் ஒரு காட்சி என்ற சமரசத்தில் முடிந்தது. 2010இல் மராத்திக்கென்று தனித்துறை, கவிஞர் குசுமாக்ரஜ் பிறந்த பிப்ரவரி 27இல் மராத்தி மொழிப் பெருமை நாள், 2022இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மராத்தியைக் கட்டாயமாக்கிய சட்டம் ஆகியவை வரிசையாக வந்தன. அடுத்த 25 ஆண்டுகளில் மராத்தியை அறிவுக்கும் வேலைக்கும் உரிய மொழியாக்குவது என்ற கொள்கையை 2024 மார்ச்சில் அமைச்சரவை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 2025 பிப்ரவரியில் வந்த ஆணை, அரசு அலுவலகத்தில் ஊழியரும் வருவோரும் மராத்தியில் பேச வேண்டும், கணினி விசைப்பலகையில் தேவநாகரி எழுத்தும் பொறித்திருக்க வேண்டும் என்கிறது.

செம்மொழித் தகுதிக்கான பயணம் நீளமானது. தமிழுக்கு 2004இல் கிடைத்த பிறகு சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா என்று ஒவ்வொன்றாகப் பெற்றன. மகாராஷ்டிரம் 2012இல் எழுத்தாளர் ரங்கநாத் பட்டாரே தலைமையில் குழு அமைத்து, 2013இல் கோரிக்கையை நடுவணரசுக்கு அனுப்பியது. மொழியியல் வல்லுநர் குழு பரிந்துரைத்தும், 2017இல் உள்துறை அமைச்சகம் அளவுகோலை இன்னும் கடுமையாக்கலாம் என்று சொன்னதால் கோப்பு உறங்கியது. 2024 ஜூலையில் அளவுகோல்களே திருத்தப்பட்டன. அக்டோபர் 3 அன்று மராத்தி, வங்காளம், அசாமி, பாலி, பிராகிருதம் ஐந்துக்கும் சேர்த்து அறிவிப்பு வந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஏழு வாரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழர் பலர் இதைக் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இலக்கிய மரபு கடன் பெறாததாக, தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திருத்தத்தில் எடுத்துவிட்டது உண்மை. மராத்தியின் தொன்மை வாதம் நாணேகாட் கல்வெட்டையும் ஹாலன் தொகுத்த காதா சப்தசதி என்னும் கவிதைத் தொகுப்பையும் சார்ந்தது. அவற்றின் மொழி மகாராஷ்டிரிப் பிராகிருதம். பிராகிருதத்துக்கே தனியாகத் தகுதி தந்த அதே நாளில் அதன் சொத்தை மராத்திக்கும் எழுதிவைத்ததில் ஓர் இடறல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மராத்தியின் பழமை பொய்யன்று. கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையின் காலடியில் ‘ஸ்ரீ சாவுண்டராஜே கரவியலே’ என்று பொறித்த வரி, மராத்தியின் மிகப் பழைய வரிகளுள் ஒன்றாகச் சுட்டப்படுவது. அதே காலடியில் ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்று தமிழிலும், கன்னடத்திலும் பொறிப்புகள் இருக்கின்றன. மூன்று மொழியும் சொல்வது ஒரே செய்தியை.

தகுதியால் வரும் பயன், ஆய்வு மையம், விருது, பல்கலைக்கழக இருக்கை போன்றவை. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, அமராவதி மாவட்டத்தின் ரித்தபூரில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மராத்தி மொழிப் பல்கலைக்கழகம். மகானுபாவ சமயத்தாரின் திருத்தலமான அந்த ஊரில்தான் 13ஆம் நூற்றாண்டில் ‘லீளாசரித்திரம்’ உருவானது. மராத்தியின் முதல் உரைநடை நூலாக மதிக்கப்படுவது அது. தலைநகரை விட்டு அவ்வளவு தொலைவில் வைத்தால் யார் போய்ப் படிப்பார் என்று கேட்டவர்களுக்கு, வாய் என்ற சிற்றூரில் உருவான விஸ்வகோசமே விடை.

கடைசியாக, மாநிலத்துக்கு வெளியே. கர்நாடகத்தோடு உள்ள பெளகாவி எல்லைத் தகராறு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. கோவாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி கொங்கணியே ஆட்சிமொழி, மராத்தியையும் அலுவலில் பயன்படுத்தலாம். தஞ்சாவூரின் நிலை தனி. சரசுவதி மகாலில் மராத்திச் சுவடிகளும், மோடி எழுத்தில் எழுதிய அரண்மனை ஆவணங்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கையை எடுக்காமல் விரைந்து எழுதுவதற்காகத் தோன்றிய சுழியெழுத்து மோடி. மராட்டிய ஆட்சியின் கணக்கு வழக்கெல்லாம் அதில்தான். அச்சுக்கும் பள்ளிக்கும் தேவநாகரியே போதும் என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்ததால் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பாடத்திலிருந்து மறைந்தது. இன்று மகாராஷ்டிர அரசின் ஆவணக் காப்பகம் மோடி படிக்கப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது; தாத்தா எழுதிய நிலப் பத்திரத்தைப் பேரனால் படிக்க முடியவில்லை என்பதால் அதற்கு ஆளும் வருகிறார்கள். தஞ்சை ஆவணங்களில் ஒரு பகுதியை மூன்று தொகுதிகளாகத் தமிழாக்கிக் குறிப்புரையோடு 1989இல் வெளியிட்டது தமிழ்ப் பல்கலைக்கழகம். எஞ்சியவை இன்னும் படிக்கத் தெரிந்தவருக்காகக் கட்டவிழாமல் கிடக்கின்றன.